முன் வரிசை

மலாய் நாட்டில், காஜா பேராங் தெரு முச்சந்தியில் முனிசிபாலிட்டித் துரைமார் வெள்ளைக் கோடு இழுத்து, நிற்கச் சொல்லும் பலகை ஒன்றையும் நட்டார்கள். அந்த வாரமே ஜவுளிக்கடை யூனுஸ் கார் வாங்கினார். லைசென்ஸ் இல்லை.

மனைவியின் தம்பி ஹாஜாவிடம் லைசென்ஸ் இருந்தது. வாயும் இருந்தது.

"கார் ஒங்களுக்கு, ஸ்டியரிங் எனக்கு. நல்ல பங்குதான் மச்சான்."

வெள்ளிக்கிழமை தானே ஓட்டிக்கொண்டு பள்ளிவாசலில் போய் இறங்குவதாகக் கடைத்தெரு முழுக்கச் சொல்லியிருந்தார் யூனுஸ். வியாழக்கிழமை பரீட்சை. தோற்றால் தெருவில் தலைகாட்ட முடியாது.

"கோட்டைப் பார்த்தா என்ன செய்யணும், தெரியுமா?" என்றாள் மனைவி நஜ்முன்னிசா.

"எனக்கா சொல்லித் தர்றே? சின்ன வயசுலேர்ந்து கோட்டுல நிக்கிறவன்."

பள்ளிவாசல் பாயில் கோடு உண்டு. அதில் கால் வைத்து, தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டும். முன் வரிசையில் இடமிருக்கப் பின்னால் நிற்பது தப்பு. கோடு என்றால் யூனுஸுக்கு அவ்வளவுதான்.

பரீட்சையில் பக்கத்தில் மலாய் இன்ஸ்பெக்டர். முச்சந்தியில் ஒரு கார் இடப்புறமாகக் கோட்டில் நின்றது. வலப்புறம் காலி. யூனுஸ் பின்னால் நிற்பாரா? ஒதுங்கிப் போய், முன்சக்கரம் இரண்டும் கோட்டில் பதிய, அந்தக் காரை உரசாத குறையாக நிறுத்தினார். அழகான வரிசை.

எதிரே திரும்பிய பஸ் நுழைய வழியின்றி ஹாரன் அடித்தது.

"இங்கே ஏன் வந்தீர்?" என்று மலாயில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"முன்னால் இடம் இருந்ததே, துவான்."

இன்ஸ்பெக்டரும் தொழுகிறவர்தான். புரிந்துவிட்டது.

"பள்ளிவாசலில் எதிரே பஸ் வராது," என்று சொல்லி இறங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஹாஜா ஓட்டினான். யூனுஸ் பின் ஸீட்டில்.

"பின்னால சொகமா, மச்சான்?"

பள்ளிவாசல் வந்தது. கடைத்தெரு மொத்தமும் வாசலில் நின்றது. யூனுஸ் இறங்கவில்லை. கடைசியில் ஹாஜாவே வந்து கதவைத் திறந்தான்.

"எறங்குங்க. பாங்கு சொல்லியாச்சு."

சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மொத்த வியாபாரி ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யூனுஸுக்கு சலாம் சொன்னார். தன் குடையை ஹாஜாவிடம் நீட்டினார்.

"டிரைவர் வச்சுக்கிட்டது நல்லது பாய். நம்மளப் போல ஆளு ஸ்டியரிங் புடிச்சா மரியாதையா இருக்காது."

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். யூனுஸ் தொப்பியைச் சரி செய்தார்.

"காரை நெழல்ல போடுப்பா," என்றார் ஹாஜாவிடம்.