தலைமன்னார் அலை

14 ஜூலை 1981. இன்று ஒரு பிழை செய்தேன். அலையின் உயரத்தை நீர்மட்டத்துக்கு மேலே மட்டும் எடுத்தேன். பள்ளத்திலிருந்து முகடு வரை எடுத்திருக்க வேண்டும்.

இவ்வளவை எழுதிவிட்டு செல்லையா பேனாவை மூடினான். குன்னூர் மின்தொழில் மாலை வகுப்பில் நடந்த மீதியை எழுத அவனுக்குக் கை வரவில்லை.

போன வாரம் அவலாஞ்சி அணைத் தண்ணீரில் கணக்குப் போட்டார்கள். இந்த வாரம் கடல்: அலையில் எவ்வளவு மின்சாரம் தேறும்? வாத்தியார் மருதாசலம் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

"கப்பல்ல வந்தவன் ஒருத்தன் இருக்கறானே. எந்திரிச்சு உயரத்தச் சொல்லு."

ஒன்பது வயதில் இலங்கைத் தோட்டத்தை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறிய பகல்தான் செல்லையாவுக்குத் தெரிந்த கடல். கப்பல் ஓரத்தில் தண்ணீர் ஏறி ஏறி இறங்கியது. நீர்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் என்றான். முகட்டுக்கு முகடு நான்கு விநாடி. மீட்டர் அகலத்துக்கு நான்கு கிலோவாட் என்று விடையும் சொன்னான்.

"அது பாதி அலைடா." உயரம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு. வாத்தியார் பலகையில் அவன் பெயரை எழுதி, எதிரே பதினாறு என்று போட்டார்.

"நம்ம வேலையப் புடுங்குனது பத்தலீன்னு கரண்டு வேற கொண்டாந்திருக்கறான் சிலோனு," என்றான் உள்ளூர்க்காரன் கருப்புசாமி. பெஞ்சுகள் சிரித்தன. வாத்தியார் அவர்களை அடக்காமல் செல்லையாவைப் பார்த்தார்.

"அந்த ஒரு மீட்டரு எப்படி வந்துச்சுன்னு நாளைக்குச் சொல்லோணும். இட்டுக்கட்டுனதுன்னா தேயிலக் கொழுந்து கிள்ளவே போயிரு. இந்த எடத்துக்கு ஆளு காத்துட்டிருக்குது."

செல்லையா எழுந்து அடுப்படிக்குப் போனான். அங்கே அம்மா சின்னம்மை ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாம வந்தப்ப அலை எம்புட்டு ஒசரம்?"

"என்னா அலை? அன்னைக்குக் கடலு தாம்பாளமாட்டம் கெடந்துச்சி."

"தண்ணி ஏறி எறங்குச்சே."

"ஒங்கப்பனுக்குப் பாஸ்போட்டு இல்லைன்னு கரையிலயே நிறுத்திப்புட்டானுக. அந்த மனுசனப் பாத்துப் பாத்து மூச்சு முட்ட அழுத. ஆடுனது நீதான்டா." ஊதுகுழலைத் தரையில் தட்டினாள். "இன்னொருக்கா அந்தக் கப்பல் பேச்ச எடுத்த, கொள்ளிக்கட்ட பறக்கும்."

அம்மா அன்று கப்பலில் மூட்டைமேல் கவிழ்த்த தலையைத் தூக்கவேயில்லை. அதுவும் அவனுக்கு நினைவிருந்தது. பார்க்காதவள் சொல்வதை எடுப்பதா, அழுதவன் பார்த்ததை எடுப்பதா? தாம்பாளம் என்றால் உயரம் பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்யம்.

பேனாவைத் திறந்தான்.

நாளை: மாலை ஆறு மணிக்கு வகுப்பு தொடங்கும் முன்பே போய், பலகையில் என் பெயருக்கு எதிரே உள்ள பதினாறை அழித்துவிட்டு, உயரம் தெரியாது என்று எழுத வேண்டும்.