மாமனார் நிப்பு

ஷரீஃபுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். பீடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மயிலாப்பூர் காயலாங்கடையில் போய் உட்கார்ந்து, அடுத்தவன் தூக்கிப் போட்ட மைப் பேனாக்களைப் பொறுக்கிக்கொண்டு ராயப்பேட்டை வீட்டுக்கு வந்துவிடுவான். டீ குடிக்கிற காசுக்குக் கிடைத்தால்தான் வாங்குவான். கழுவித் துடைத்து, ஒன்றின் மூடியை இன்னொன்றுக்குப் போட்டு எழுத வைத்துவிட்டால், மனுஷனுக்கு அன்றைக்குப் பிரியாணியே வேண்டாம்.

"எனக்குத்தான் எத்தினி சக்களத்திங்க!" என்பாள் அவன் மனைவி அஃப்சருன்னிசா.

அப்படிப்பட்டவளே போன வாரம் பீரோவைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு கருப்புப் பேனாவை அவன் கையில் வைத்தாள். அவளுடைய அப்பா அப்துல் சமத்தின் பேனா. திருவல்லிக்கேணியில் அத்தர் கடை வைத்திருந்தவர், மௌத்தாகிப் பல வருஷம் ஆகிறது. அவர் ஞாபகமென்று அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"எழுத வெச்சுக் குடுங்க. உங்கள நம்பித்தான் தரேன்."

ஷரீஃபுக்குத் தலைகால் புரியவில்லை. பேனாவை ஊறப்போட்டு, காய்ந்த மையைக் கரைத்து எழுதிப் பார்த்தான். கர்ர் கர்ர்ரென்று காகிதத்தைக் கீறியது. நிப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்து கிடந்தது. பாவம், மாமனார் இதை வைத்துக்கொண்டு எப்படித்தான் எழுதினாரோ! அதைப் பிடுங்கி, உதிரி நிப்புகள் கிடக்கும் மிட்டாய் டப்பாவில் போட்டான். இருப்பதிலேயே நல்ல நிப்பாகப் பார்த்து மாட்டினான். பேனா வழுக்கிக்கொண்டு போனது.

அஃப்சருன்னிசா ஆசையாக வாங்கி உருதுவில் ஒரு வரி எழுதினாள். அவளுக்கு அது தட்டித் தட்டி நின்றது.

"இன்னா பண்ணீங்க இத?"

"நிப்பு மக்கர் பண்ணிச்சு. வேற போட்டேன்."

"அப்பா நிப்ப எடுத்துட்டீங்களா? அவரு கை பட்டுத் தேஞ்சதுங்க அது! அத எடுத்துட்டா மிச்சம் இன்னா கீது, வெறும் குழாதான?"

அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஷரீஃப் தன்னையே திட்டிக்கொண்டான். அட மடையா, ஊர்ப் பேனாவையெல்லாம் பிழைக்க வைத்துவிட்டு வீட்டுப் பேனாவைக் கெடுத்துவிட்டாயே!

டப்பாவைக் கவிழ்த்தான். எல்லாமே பழசு. ஒவ்வொன்றாக மாட்டித் தன் பெயரைத் தமிழில் எழுதினான். நன்றாக எழுதியதையெல்லாம் ஒதுக்கினான். கீறுகிறதே ஒரு பிடி மிஞ்சியது, எல்லாம் ஒரு பக்கம் தேய்ந்ததுதான். அதில் மாமனாருடையது எது என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

அவன் கையில் வழுக்கிய நிப்பு, அவள் கையில் மட்டும் ஏன் தட்டியது? அப்போதுதான் உறைத்தது. மாமனாருக்குத் தமிழ் பேசத்தான் வரும். கடைக் கணக்கிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் ஆயுசு முழுக்க உருதுவில், வலமிருந்து இடமாக எழுதிய மனுஷன். நிப்பும் அந்தப் போக்கில்தானே தேய்ந்திருக்கும்! தமிழில் எழுதினால் கீறாமல் என்ன செய்யும்? ஷரீஃபோ தமிழ் மீடியம். உருது பேசுவான், தட்டுத் தடுமாறிப் படிப்பான், எழுதச் சொன்னால் கை ஓடாது.

அடுப்படி வாசலில் போய் நின்றான். "அஃப்சர், தப்புதான், மன்னிச்சுக்கோ. ஒருதரம் வந்து உருதுல எழுதிப் பாரு. எது அப்பா நிப்புன்னு உன் கைக்குத் தெரியும்."

வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். அவன் மாட்டி மாட்டிக் கொடுத்தான், அவள் எழுதினாள். இது இல்லை. இதுவும் இல்லை. பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. அடுத்த நிப்பை வைத்தாள். சத்தமே இல்லாமல் ஓடியது. வளைகிற இடத்தில் பட்டையாக, இழுக்கிற இடத்தில் மெலிசாக, மை தானாக இறங்கியது.

"யா அல்லாஹ்... அப்பா எழுத்துங்க இது," என்றாள். நிறுத்தவே மனசில்லாமல் எழுதிக்கொண்டே போனாள்.

"இன்னா எழுதற?"

காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தான். அவன் பெயர். அந்த எழுத்தில் அந்தப் பெயரை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான், மாமனார் கைப்பட எழுதிய அவர்களுடைய கல்யாணப் பத்திரிகையில். பேனாவை வாங்கக் கையை நீட்டினான்.

அவள் பேனாவை மார்போடு வைத்துக்கொண்டாள். "இது சக்களத்தி இல்ல, மாமனாரு. தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன்."