நானூறு கல்

கிழக்கு வெளுக்கும்போதும் சூளைக் கல்லில் சூடு ஆறியிருக்காது. ஆறும்வரை காத்திருக்க முதலாளிக்குப் பொறுமை ஏது? உள்ளங்கையில் சாக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு நெட்டையனின் மனைவி கல் சுமந்து வந்தாள். அவன் பிக்கப் வண்டியின் மேல் நின்று வாங்கி அடுக்கினான். நானூறு கல் தாங்கும் வண்டி. எண்ணூறு ஏற்றினால்தான் கேட் திறக்கும்.

அன்று மேட்டில் ஏறும்போது என்ஜின் படபடவென்று இடித்தது. அப்புறம் மூச்சே இல்லை.

முதலாளி வந்து வண்டியைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. "நாலு நாள் டைம். அஞ்சாம் நாள் உன் இடத்துல வேற வண்டி ஓடும்."

"நானூறு கல்லு வண்டியில எண்ணூறு ஏத்துனா என்ஜின் என்ன பண்ணும், முதலாளி?"

"மத்த ஆறு வண்டி ஓடலயா? அதெல்லாம் வானத்துலேர்ந்து குதிச்சுதா?"

நெட்டையன் திரும்பிப் பார்த்தான். அந்த ஆறும் பொட்டுப் புகையில்லாமல் ஓடிக்கொண்டுதானே இருந்தன! புகை விடும் வண்டிக்கு லோடு கிடையாது என்பது சூளையின் சட்டம். அதற்குப் பயந்து நாலு மாதமாக என்ஜின் ஆயிலில் கெட்டியான கியர் ஆயிலைத் திருட்டுத்தனமாகக் கலந்து ஊற்றி வந்தான். புகை அடங்கியது, சத்தம் அடங்கியது. எண்ணெய் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறாமல் உள்ளே எல்லாம் தேய்ந்ததுதான் மிச்சம். தன் வண்டி மட்டுமே சீக்கு என்று அவமானத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை, பாவி மனுஷன்.

புது என்ஜினெல்லாம் கனவிலும் நடக்காது. பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடந்தது. ஒழுகும் கூரைக்குத் தகடு மாற்றச் சேர்த்த பணத்தை மனைவி எடுத்து நீட்டினாள். "மழை வந்தா சட்டி வச்சுப் பிடிச்சுக்கலாம். வண்டி நின்னா அந்தச் சட்டியில என்னத்தைப் போடறது?"

பணம் என்ஜினுக்கே சரியாகப் போயிற்று. மெக்கானிக் அவளுடைய அண்ணன், கூலி கேட்கவில்லை. ஆனால் என்ஜினைத் தூக்க ஆள் கேட்டான். மூன்றாம் நாள் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆறு டிரைவர்களையும் கூப்பிட்டான் நெட்டையன். ஆறு பேரும் வந்தார்கள், ஒரு நீள இரும்புக் குழாயோடு.

மெக்கானிக் பழைய எண்ணெயை இறக்கினான். காய்ச்சிய கருப்பஞ்சாறு போல் கெட்டியாக விழுந்தது. விரலில் தேய்த்து மோந்தான். "கியர் ஆயிலா ஊத்துன, மாப்ள? நீயே கொன்னுட்டியே."

நெட்டையன் தலை குனிந்தான். யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை. நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்று மௌனசாமி எனப் பேர் வாங்கிய டிரைவர் குனிந்து எண்ணெயை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என் வண்டியிலயும் இதான்."

பக்கத்தில் நின்றவன் தானும் என்றான். அடுத்தவனும் அதையே சொன்னான். ஏழு பேரும் ஒருவனுக்கு ஒருவன் தெரியாமல் ஒரே தப்பைச் செய்து, ஒருவனைக் காட்டி ஒருவனை அடக்க முதலாளிக்கு வழி விட்டிருக்கிறார்கள்! அப்போதுதான் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் வந்த கோபம் போகவே இல்லை.

குழாயில் கயிறு கட்டித் தோள் கொடுத்தார்கள். பழைய என்ஜின் வெளியே வந்தது, மற்றது உள்ளே இறங்கியது. தோள் கன்றிப்போயிற்று. மறுநாள் பொழுது சாய்வதற்குள் மெக்கானிக் கடைசி போல்ட்டையும் முடுக்கினான்.

ஐந்தாம் நாள் விடியல். நானூறாவது கல்லைக் கொடுத்துவிட்டு நெட்டையனின் மனைவி கைச் சாக்கை அவிழ்த்தாள். மற்ற வண்டிகளுக்குக் கல் சுமந்த பெண்களும் சுமையை இறக்கினார்கள்.

"என்ன, பாதியில நிக்குது?" என்றார் முதலாளி.

"பாதி இல்ல முதலாளி. முழு லோடு," என்றான் வண்டி மேலிருந்து நெட்டையன்.

"அப்ப வண்டிய ஓரங்கட்டு. ஆறு வண்டி இருக்கு எனக்கு."

ஆறு வண்டிகளின் முன்மூடிகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. மௌனசாமி எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்க. உங்க ஆறு வண்டியும் இந்த எண்ணெயிலதான் செத்துக்கிட்டே ஓடுது. இனி நானூறுக்கு மேல ஒரு கல்லு ஏறாது. ஏறணும்னா நீங்க வந்து ஏத்துங்க."

அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. முதலாளியின் முகம் சூளையாயிற்று. கேட்டைப் பூட்டச் சொன்னார்.

"பூட்டட்டும்," என்று கல் குவியலின் மேல் உட்கார்ந்தாள் நெட்டையனின் மனைவி. "கல்லுக்குக் கால் இல்ல."

பெண்கள் அவளோடு உட்கார்ந்தார்கள். நெட்டையன் சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது, புகையே இல்லை. ஆறு பேரும் காது கொடுத்துக் கேட்டார்கள். அடுத்து என்ஜின் மாற்றுவது மௌனசாமியின் வண்டிக்கு என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. என்ஜின் தூக்கிய இரும்புக் குழாய் நெட்டையன் வண்டியில் நானூறு கல்லுக்கு மேல் தயாராகக் கிடந்தது.