விலக்குப் பட்டியல்

என் மேல் எனக்கே ஆத்திரமாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் நான். குப்பை மெயிலைத் தடுக்க கிரேலிஸ்ட் என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தேன். முன்பின் தெரியாத சர்வரிலிருந்து மெயில் வந்தால், "கொஞ்ச நேரம் கழிச்சு வா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஒழுங்கான சர்வர் மறுபடி வரும். குப்பை அனுப்புகிறவன் அநேகமாக வரமாட்டான். நம்பகமானவர்களை நிறுத்த வேண்டாம் என்றால், விலக்குப் பட்டியலில் அவர்கள் பெயரை ஒரு வரி சேர்த்தால் போதும்.

அந்தப் பட்டியலில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? கல்லூரி முதல்வரின் மச்சான் நடத்தும் டிராவல்ஸ். முதல்வரின் மனைவி துணி எடுக்கும் கடை. "தள்ளுபடி மெயில் லேட்டா வருதாம், என் உயிரை வாங்குறா. என்னன்னு பாருங்க தம்பி" என்றார். வாயை மூடிக்கொண்டு சேர்த்தேன்.

அக்காவுக்கு அப்படி அதிகாரமாகக் கேட்கத் தெரியாது. பதினோரு வருஷமாக ஒரு பரிசோதனைக் கூடத்தில் தற்காலிக வேலை. நிரந்தர வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது கிடையாது. அடுத்த மாதம் அவள் தாண்டுகிறாள். ஓசி மெயிலையெல்லாம் நம்பாதே என்று, பெரிய இவன் மாதிரி, எங்கள் சர்வரிலேயே அவளுக்கு முகவரி போட்டுக் கொடுத்தவனும் நான்தான்.

"அந்த ஆபீஸ் பேரையும் உன் லிஸ்ட்ல போட்டுடேன்டா. மெயில்லதான் கூப்பிடுவாங்களாம்."

"சொந்தக்காரங்களுக்குன்னு விதியை மாத்துனா நல்லா இருக்காதுக்கா. மிஞ்சிப்போனா பத்து நிமிஷம் லேட்டாகும், அவ்வளவுதான்."

"சரி, உனக்குத் தெரியாததா" என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை மதியம் அழைப்பு வந்தது. நேர்காணல் அன்று காலை பத்து மணிக்கே முடிந்திருந்தது.

பதறிப்போய்ப் பதிவுகளைப் புரட்டினேன். திங்கட்கிழமையே அனுப்பியிருக்கிறார்கள். மெயில் அனுப்ப அவர்களிடம் முப்பது இயந்திரங்களாவது இருக்கும். ஒவ்வொரு தடவையும் வேறொன்று வந்து தட்ட, ஒவ்வொன்றையும் புது ஆள் என்று என் சர்வர் துரத்தியிருக்கிறது. இப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? டிராவல்ஸ்காரனைப் பட்டியலில் சேர்த்ததே இதே காரணத்துக்காகத்தான். அவன் விஷயத்தில் ஞாபகம் வந்தது அக்கா விஷயத்தில் வரவில்லை, பாவி.

அக்கா அந்த அலுவலகத்துக்குப் போன் செய்து கெஞ்சினாள். "நாங்க அனுப்பிட்டோம்மா. வராதது உங்க பிரச்சினை" என்று வைத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் யாரையும் கேட்காமல் அவர்கள் பெயரைச் சேர்த்தேன். ஒரே வரி. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவள் போனில் மெயில் வந்த மணி ஒலித்தது. அதே அலுவலகம். நேர்காணலுக்கு வராததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அனுப்பிய நேரம் ஒன்பது இரண்டு. சுவர்க் கடிகாரத்திலும் ஒன்பது இரண்டு.

"இது மட்டும் டாண்ணு வந்துடுச்சே, எப்படிடா?"

"நேத்து லிஸ்ட்ல சேர்த்துட்டேன்க்கா."

"ஓஹோ. விதியை மாத்திட்டியா?"

சாப்பாட்டு டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, அக்கா தற்காலிக வேலைக்குக் கிளம்பினாள்.