செல்லக்கண்ணு அனுப்பிய பச்சோந்தி

1921ஆம் வருஷம் கார்த்திகை மாதம் நல்லையா மேஸ்திரி நாகப்பட்டினத்திலிருந்து கொண்டுவந்து, ரங்கூன் லான்மடாவில் தன் மாடியறையில் இறக்கிய பச்சோந்தி, அந்த அறையின் நிறத்தை எடுக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு பெண்பிள்ளை எங்கே நிற்கிறாளோ, எதில் சாய்ந்திருக்கிறாளோ, அந்த இடத்தின் நிறத்தை எடுத்தது. அந்த வருஷம் கருவாடு விலை ஏறியது, டிராம் வண்டி இரண்டு நாள் ஓடவில்லை, இதுவும் நடந்தது. எங்கள் தெருவில் மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

நல்லையா, கெமண்டைன் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரி. ஐப்பசியில் ஊருக்குப் போவார், கார்த்திகையில் நாற்பது பேரோடு திரும்புவார். சாமானிய வேலை இல்லை. கல்யாணமாகிப் பத்து நாள் ஆனவனையும், கடலைப் பார்த்தாலே குமட்டுகிறது என்பவனையும் பேசிப் பேசியே கப்பலேற்றிவிடுவார். அப்படிப்பட்டவரால் சொந்த மகள் செல்லக்கண்ணுவை மட்டும் ஏற்ற முடியவில்லை. அவளுக்கு நான்கு வயதானபோது, அம்மா அம்சவேணி ரங்கூனில் வாந்திபேதி கண்டு செத்துப் பிழைத்தாள். ஒரே ஒரு வருஷம் இருக்கட்டும் என்று பிள்ளையைக் கொண்டுபோய்த் தன் அக்கா ரத்தினம்மாளிடம் விட்டார் மேஸ்திரி. ரத்தினம்மாளுக்கு நிலம் இருந்தது, பிள்ளை இல்லை. ஒரு வருஷம் ஏழு வருஷமானது. நானே போய்க் கூட்டிவருகிறேன் என்று அம்சவேணி சொல்லிப் பார்த்தாள். ஆலை ஆட்களுக்கு யார் பொங்கிப் போடுவது என்று கேட்டுவிட்டார். ஒவ்வொரு ஐப்பசியிலும் அளவைக் குத்துமதிப்பாகக் கூட்டி ஒரு பாவாடை தைத்துக் கொடுத்தனுப்புவாள். ஒவ்வொரு கார்த்திகையிலும் கப்பல் வந்து அணையும் ஜெட்டியில் போய் நிற்பாள். நாற்பது ஆண்பிள்ளைகள் இறங்குவார்கள்.

அந்தக் கார்த்திகையில் நாற்பத்திரண்டு பேர் இறங்கினார்கள். கடைசியில் மேஸ்திரி, கையில் ஓலைக்கொட்டானோடு. “அக்கா விடமாட்டேன்னுருச்சு புள்ள. அடுத்த வருசம் பாப்பம். இத உம் மகதான் குடுத்துவிட்டா, அம்மாவுக்குத் தொணையா இருக்கட்டும்னு” என்றார். அம்சவேணி கொட்டானைத் திறந்தாள். உள்ளே ஒரு பச்சோந்தி ஒரு கண்ணால் அவளையும் மறு கண்ணால் கப்பலையும் பார்த்தது. பெற்றவளுக்கு வந்த கோபத்தில் அதை அப்படியே ஆற்றில் போட்டிருப்பாள். கொட்டானின் விளிம்பில் பிள்ளை கைப்பட முடிந்த கோணல் முடிச்சு ஒன்று இருந்ததால் போடவில்லை.

ஆடு, கோழி, கிளி வளர்த்தவர்கள் எங்கள் தெருவில் உண்டு. பச்சோந்தி வளர்த்தவர்கள் கிடையாது. அம்சவேணி கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள், தயிர்சாதம் பிசைந்து வைத்தாள். அது இரண்டையும் பார்க்கவே இல்லை. குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கித் தூக்கிக் கொஞ்சினாள், அது வாயைத் திறந்து சீறியது. மூன்று நாளில் கறுத்து, கண் உள்ளே போய், தொங்கிவிட்டது. எதிர்வீட்டில் பூ விற்கும் பர்மாக்காரி மா சீன்தான் அதைக் கையிலிருந்து வாங்கி, ஜன்னலோரம் கொய்யாக் கிளையில் விட்டு, இலைகளின் மேல் தண்ணீரைத் தெளித்தாள். இலை நுனியில் திரண்ட சொட்டை அது நாக்கை நீட்டி எடுத்துக்கொண்டது. தேங்கிய தண்ணீர் அதன் கண்ணுக்குத் தண்ணீரே இல்லை, அசையாத இரை இரையே இல்லை, வெயில் படாவிட்டால் தின்றதும் செரிக்காது, தூக்கினால் ஆயுசு குறையும். இதையெல்லாம் அம்சவேணி ஒவ்வொரு தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டாள். காலையில் சீனர்கள் இருக்கும் லத்தா மீன்கடைகளுக்குப் போய் ஈ பிடித்து, மூங்கில் குழாயில் அடைத்து வருவாள். மேஸ்திரி பெண்சாதி ஈ பிடிக்கிறாள் என்று சீனர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, ஈ அதிகமுள்ள மூலையையும் காட்டினார்கள்.

தெளிந்தபின் அது நிறம் மாறத் தொடங்கியது. பலகைச் சுவரும் தகரக் கூரையுமான அறையில் விடிந்ததும் சாணத்தரை நிறத்தில் இருக்கும், பிறகு நாற்றங்கால் பச்சை, மத்தியானம் கிணற்றுப் பாசி. மார்கழிக் கடைசியில் ஒருநாள் அதன் இடப்பக்கம் மட்டும் வெள்ளை வெளேரென்று ஆகி, இரண்டு நாள் அப்படியே நின்றது. மாசியில் கடிதம் வந்தது. கீழே மளிகைக் கடை வைத்திருந்த நாகூர்க்காரர் பீர் முகைதீன்தான் எங்களுக்கெல்லாம் கடிதம் வாசிப்பவர். பொங்கலுக்கு வெள்ளையடித்த ஈரச்சுவரில் உம் மகள் போய்ச் சாய்ந்து, நீ அனுப்பிய புதுப் பாவாடையைப் பாழாக்கினாள் என்று ரத்தினம்மாள் எழுதச் சொல்லியிருந்தாள். அம்சவேணி எந்தப் பக்கம் சாய்ந்தாளாம் என்று கேட்டாள். பீர் முகைதீன் தாளைத் திருப்பிப் பார்த்து, இடது பக்கம் என்றார். அன்றிலிருந்து அவள் அடுப்புக்கு எதிரே உட்காராமல் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தாள். பிரிந்து ஏழு வருஷம் கழித்து, மகள் காலையில் எழுந்து எந்தப் பக்கம் போகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்தது.

அதைச் சாகவிடக் கூடாது என்பதுதான் பிறகு அவளுடைய வேலை. அது செத்தால் மகள் மறுபடியும் வெறும் கடிதமாகிவிடுவாள். மறுவருஷம் அதன் தோல் வெளுத்துப் பொரிப்பொரியாகக் கிளம்பியபோது பெரியம்மை என்று முடிவுகட்டி, ஜன்னலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பதை நிறுத்தி, மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு கூழ் காய்ச்சினாள். ஆலை ஆட்கள் நாற்பது பேரும் ஒன்பது நாள் தாளிக்காத குழம்பு தின்றார்கள். கடைசியில் பீர் முகைதீனின் மனைவி உம்மு சல்மா ஏறிவந்து பார்த்தாள். “அம்மையுமில்ல கிம்மையுமில்ல தங்கச்சி. அது சட்டைய உரிக்கிது. நீ கடுகப் போடு மொதல்ல” என்றாள். அம்சவேணி சிரித்தாள். மகளைப் பிரிந்தபின் அவள் சிரித்ததை எங்கள் தெரு பார்த்தது அன்றுதான்.

1924 சித்திரையில் அது மஞ்சளாகி, தென்னங்கீற்றுப் பச்சையில் பதினாறு நாள் அடைந்து கிடந்தது. அம்சவேணி யாரையும் கேட்கவில்லை. கொய்யாக் கிளையைச் சுற்றிக் கீற்று கட்டினாள், புட்டு அவித்தாள், தட்டு எடுத்துத் தெருவை அழைத்தாள். நாங்களும் போனோம். பச்சோந்திக்கு மஞ்சள் நீர் தெளித்தோம். உம்மு சல்மா வளையல் வைத்துக் கொடுத்தாள். மா சீன் ஒரு கூடைப் பூவோடு வந்து, விசேஷம் என்னவென்று தெரியாமலே கடைசிவரை இருந்தாள். செல்லக்கண்ணு பெரியவளானாள் என்ற கார்டு மூன்று வாரம் கழித்து வந்தது. அதை வாசிக்கப் பீர் முகைதீன் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

மேஸ்திரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, வருஷா வருஷம் போய், நாற்பது பேரோடு திரும்பிக்கொண்டிருந்தார். 1926 வைகாசியில் ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பச்சோந்தி அரக்குச் சிவப்பானது. கழுத்தில் மஞ்சள் கோடு விழுந்தது. அம்சவேணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எம் மகளுக்குக் கல்யாணம் நடக்குதா?”

மேஸ்திரி நிமிரவில்லை. “நல்ல எடம். நாந்தான் எழுதிப் போட்டேன்.”

“எனக்கு எப்பங்க சொல்றதா இருந்தீங்க?”

“கப்பலேத்தும்போது சொல்லலாம்னு இருந்தேன்.”

அம்சவேணி அழவில்லை. கப்பலேற்றப் போகிறார்கள் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். மருமகனோடு ரங்கூனுக்கு வருகிறாள், அதனால்தான் கல்யாணத்தைச் சொல்லவில்லை என்று தானே ஒரு நியாயம் கட்டி, பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கினாள். பாய் புதிதாக வாங்கினாள். நாற்பது பேரை ஒரே ராத்திரியில் பேசிக் கரைக்கிற மேஸ்திரியின் வாய், பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தது.

ஆனியில் பச்சோந்தி கடல் நிறமானது. அசல் நீலம், வெயில் ஏற ஏறக் கறுத்துப்போகும் நீலம். அம்சவேணி அதை உம்மு சல்மாவிடம் ஒப்படைத்து, இலைக்குத் தண்ணீர் தெளிக்க மறக்காதே அக்கா என்று பத்துத் தடவை சொல்லிவிட்டு ஜெட்டிக்கு ஓடினாள். எங்களுக்குக் கடல் என்றால் ரங்கூன்தான். நாங்கள் எல்லோரும் அந்தக் கடலில் ஏறி இந்த ஊரில்தான் இறங்கினோம். அதே நாகப்பட்டினத்துத் துறையிலிருந்து வேறு ஊருக்கும் கப்பல் போகிறது என்பது தெரியாததல்ல, ஆனால் யாருக்கும் தோன்றவில்லை. ஏழு நாள் அவள் ஜெட்டியில் நின்றாள். இறங்குகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும், முக்காட்டை விலக்காத குறையாகப் பார்த்தாள். நான்கு வயதில் விட்ட முகத்தைப் பதினாறு வயதில் எப்படிக் கண்டுபிடிப்பாள் என்று நாங்கள் கவலைப்பட்டோம். ரங்கூனுக்கு வரும் கப்பல் கரையேறுவதற்கு முந்தின நாளே ஆற்றுச் சேறு கலந்து கடல் மஞ்சளாகிவிடும். பச்சோந்தி மஞ்சளாகவே இல்லை. உம்மு சல்மா அதைக் கவனித்தாள், சொல்ல மனம் வரவில்லை.

எட்டாம் நாள் அது கரும்பச்சையானது. வெயிலே படாத பச்சை, நடுவில் பால் வழிந்ததுபோல் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. பினாங்கில் இரண்டு வருஷம் கடை வைத்திருந்த பீர் முகைதீன் மாடிக்கு ஏறிவந்து, நெடுநேரம் பார்த்தார். “இது ரப்பர்க் காடும்மா. மலாயா” என்றார். மாப்பிள்ளை பேராக் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணியின் தம்பி என்பது அதற்கப்புறம்தான் தெருவுக்குத் தெரிந்தது. மேஸ்திரிக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அம்சவேணி அவரைத் திட்டவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்தினாள். சோறு போடுவாள், வேட்டி துவைப்பாள், வார்த்தை மட்டும் இல்லை. இரண்டு வருஷம் அந்த வீட்டில் பச்சோந்தி நாக்கை நீட்டி ஈயைப் பிடிக்கும் சத்தம்கூடக் கேட்டது.

விவரம் தெரிந்தவர்கள், பச்சோந்தி மூன்று நான்கு வருஷத்துக்குமேல் இருக்காது என்பார்கள். இது ஏழாவது வருஷத்தில் வயிறு பெருத்தது. 1928 ஆவணியில் தீனியை விட்டது, கிளையைவிட்டுத் தரைக்கு இறங்கிப் பலகையைப் பிறாண்டியது. ஆறு பெற்ற உம்மு சல்மா ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள்: “இது புள்ளத்தாச்சி தங்கச்சி. முட்டையிட மண்ணு தேடுது. மண்ணு கெடைக்கலன்னா உள்ளயே அடைச்சுச் செத்துரும்.” அம்சவேணிக்கு அது ஒரு செய்தி இல்லை, இரண்டு செய்தி. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அது முறை. பெற்றவள் செய்யவேண்டிய முறைகளில் அவளுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். படகில் பானை வனையும் ஊரான த்வாண்டேக்குப் போய் இடுப்பளவு வாயகன்ற மண்சால் ஒன்று வாங்கி, மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். ஆற்று மணலைச் சலித்து, வறுத்து, ஆறவைத்து, கை பொறுக்கும் ஈரத்தில் நிரப்பி, பச்சோந்தியை அதில் விட்டு, சுற்றிலும் புடவையைத் திரையாகக் கட்டினாள். ஆண்கள் யாரும் வரக்கூடாது என்றாள். மேஸ்திரி படியிலேயே நின்றுவிட்டார்.

இரண்டு பகல் அது தோண்டியது. நிறமே இல்லாமல் கறுத்துக் கிடந்தது. அம்சவேணி சாலைவிட்டு நகரவில்லை, இடுப்பைப் பிடித்துவிடும் பாவனையில் சாலின் வெளிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் காலை பதினொரு முட்டைகளை மூடிவிட்டு அது மேலே ஏறிவந்து, சுவரில் தொற்றியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பு விலகியது. நாங்கள் எல்லோரும் கரும்பச்சைக்காகக் காத்திருந்தோம். அது தான் தொற்றியிருந்த அந்த அறைச் சுவரின், பழுத்த தேக்குப் பலகையின் நிறமானது. பலகையில் இருந்த ஆணித் துரு, புகைக் கறை, எல்லாம் அதன் முதுகில் வந்தன.

அம்சவேணி “வந்துட்டா!” என்று கத்தினாள். படியில் உருளாத குறையாக இறங்கித் தெருவுக்கு ஓடினாள். தெருவில் பூக்கூடையோடு மா சீன் மட்டும் இருந்தாள். இந்தக் கோடிவரை போய்ப் பார்த்தாள், அந்தக் கோடிவரை போய்ப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் படியேறி வந்து, சுவரையும் அதில் இருந்ததையும் பார்த்தபடி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, இரண்டு வருஷம் முன்பு வாங்கிய பாயை விரித்தாள். வெந்நீர் வைத்தாள். உம்மு சல்மா தன் வீட்டுக்குப் போய்ச் சுக்கும் திப்பிலியும் இடித்து, நல்லெண்ணெயில் பிரசவ மருந்து கிண்டிக் கொண்டுவந்தாள்.

ஒரு மாதம் கழித்து மலாயா முத்திரையோடு கடிதம் வந்தது. பீர் முகைதீன் கடையில் வைத்து மேஸ்திரிக்கு அதை வாசித்தார். பிரசவத்தில் தாயும் பிள்ளையும், இரண்டுமே தங்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு மடித்துக் கொடுத்தார். மேஸ்திரி கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வாசலில் நின்றார்.

அம்சவேணி இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரோடு பேசினாள். “வாசிக்க வேணாம். அவ வீட்டுலதான் இருக்கா. தூங்குறா, சத்தம் போடாதீங்க.”

மேஸ்திரி உள்ளே பாயைப் பார்த்தார். பிரசவித்த பெண் படுத்திருக்கும் அறையில் ஆண்பிள்ளை படுப்பது முறையில்லை. செருப்பை எடுத்துக்கொண்டு இறங்கி, அன்றிலிருந்து படிக்கட்டின் திருப்பத்தில் சாக்கை விரித்துப் படுத்தார். நாங்களும் மாடிக்குப் போகும்போது அவருடைய காலை மிதிக்காமல் தாண்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் போவோம்.