சிந்தாத எண்ணெய்

சட்டையில் ஒரு கறைகூட இல்லாமல் தம்பி கார் கொட்டகையிலிருந்து வெளியே வந்ததுமே அக்காவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

"முடிஞ்சிருச்சுக்கா. ஆயில், ஃபில்டர் ரெண்டும் மாத்தியாச்சு. சாவியக் குடு, ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாம்."

அக்கா சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். இவன் குழாயைச் சரிசெய்த அன்று சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். கதவுக்குப் பெயின்ட் அடித்த அன்று பூனைக்கும் சேர்த்து அடித்திருந்தான். அப்பேர்ப்பட்டவன் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்துவிட்டு, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி வந்து நிற்கிறான்!

விடிந்தால் மகளையும் பிறந்த குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவர வேண்டும். பாதி வழி ஆள் நடமாட்டமே இல்லாத மலைச்சாலை. பச்சை உடம்புக்காரியோடு அங்கே வண்டி நின்றுவிட்டால்?

"தரையில ஒரு சொட்டுகூட இல்லையேடா?"

"இல்லைன்னா சந்தோஷப்படேன்! அடியில தட்டு வச்சேன். ஃபில்டர் மேல பிளாஸ்டிக் பையப் போட்டு மூடி, பையோட சேர்த்துத் திருகினேன். வழிஞ்சதெல்லாம் பைக்குள்ளயே போயிடுச்சு."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. பையக் காட்டு."

"குப்பையில போடக் கட்டி வச்சிட்டேன்கா."

"அவிழு."

"போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவ நீ."

"உன்ன மாதிரி ஒருத்தன் வீட்ல இருந்தா எல்லாரும் போலீஸ்தான். அவிழுடா."

முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தான். உள்ளே, கறுத்த எண்ணெயில் குளித்துக் கிடந்தது பழைய ஃபில்டர். அக்கா பழைய துணியால் அதைத் தூக்கிப் பார்த்தாள். மாற்றியிருக்கிறான், உண்மைதான். ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒரு சோப்பு வாங்கினால்கூட உறையைப் பிரித்து முகர்ந்து பார்த்த பிறகே காசை எடுப்பவள் அவள். புது ஃபில்டரையும் கடையிலேயே டப்பாவைத் திறந்து தடவிப் பார்த்திருந்தாள்.

"இதுல ரப்பர் எங்கடா?"

"என்ன ரப்பர்?"

"புதுசுல வாய் ஓரமா வளையம் மாதிரி ஒரு ரப்பர் இருந்துச்சே. இதுல வெறும் பள்ளம்தான் இருக்கு."

"பழசுல்லக்கா, தேஞ்சு போயிருக்கும்."

"தேஞ்சா கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். மொத்தமா எங்க போச்சு? தின்னுட்டியா?"

தம்பி பையைக் கவிழ்த்துப் பார்த்தான், தட்டைத் துழாவினான். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான். புது ஃபில்டரைக் கழற்றும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

"என்னடா, தூங்கிட்டியா?"

"அக்கா…" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பழைய ரப்பர் இஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுக்கு மேலயே புதுச மாட்டிட்டேன்."

"ஸ்டார்ட் பண்ணியிருந்தா?"

"ரெண்டு ரப்பரும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காராது. ஊத்துன ஆயில் மொத்தமும் பீச்சி அடிச்சு வெளிய வந்திருக்கும்."

"இங்கயே வந்திருந்தா தரையோட போச்சு. மலைமேல வந்திருந்தா?"

அவன் வெளியே வந்தபோது கையில் கறுப்பு வளையம், நெற்றியிலும் சட்டையிலும் எண்ணெய். அவசரத்தில் பையைப் போட மறந்திருந்தான். இப்போதுதான் அக்காவுக்கு அவன் வேலை செய்தவன் மாதிரித் தெரிந்தான்.

ஒட்டியிருந்த இடத்தைத் துடைத்து, புது ரப்பரில் எண்ணெய் தடவி, ஃபில்டரைக் கையாலேயே இறுக்கினான். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகுதான் சாவி கைமாறியது. இஞ்சின் ஓடியது. அடியில் விரித்த செய்தித்தாள் சுத்தமாகவே கிடந்தது.

"இப்பவாவது என்ன நம்புறியா?"

"பேப்பர நம்புறேன். அது ராத்திரி முழுக்க அங்கயே கிடக்கட்டும். காலையில அதப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுப்பேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பேனாவோடு திரும்பி வந்தாள். மெல்ல மண்டியிட்டு, செய்தித்தாளின் மூலையில் கையெழுத்துப் போட்டாள்.

"இது எதுக்குக்கா?"

"நீ வேற பேப்பர் மாத்தி வச்சிட்டா?"