மலையை இடப்பக்கம் வைத்து

எங்கள் வீட்டு வாசலில் மலையைப் பார்த்து நின்றால், வலது கைப் பக்கம் போனால் வேலைக்கு ஐந்தரை கிலோமீட்டர். இடது கைப் பக்கம் போனால் எட்டரை. நான் நாற்பது நாளாக இடது பக்கம் போய்க்கொண்டிருந்தேன். படித்தவள் செய்கிற காரியமா இது என்று கேட்காதீர்கள். நானே தினமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் மிதித்தேன்.

என் கணவர் வேணு கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிறவர். வேர்க்கடலை மூட்டை ஏற்றி வந்த வேன் பள்ளத்தில் சாய்ந்ததில் அவருக்கு வலது தொடை எலும்பு முறிந்தது. பிளேட் வைத்து ஸ்குரூ போட்டு அனுப்பினார்கள். அவர் வீட்டுக்கு வந்த அன்று என் மாமியார் சந்திரம்மாள் வாசலில் கற்பூரம் ஏற்றி, மலையைப் பார்த்துக் கும்பிட்டு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வேண்டிக்கொண்டார்.

“எம் புள்ளைக்குக் கால் கூடி வரணும் அண்ணாமலையாரே. நாப்பத்தெட்டு நாளைக்கு எங்க வூட்டு ஜனம் ஒருத்தரும் உன்ன எடப்பக்கம் வெச்சி ஒரு அடி போவ மாட்டோம்.”

கிரிவலம் வருகிறவர்களுக்கு மலை எப்போதும் வலது கைப் பக்கம் இருக்கும். அவர்கள் சுற்றி முடித்து பஸ் ஏறிப் போய்விடுவார்கள். அந்த வட்டத்திலேயே குடியிருந்து அந்த வட்டத்திலேயே வேலைக்குப் போகிற எங்களுக்குத்தான் தொல்லை. எங்கள் அடி அண்ணாமலையிலிருந்து நான் வேலை செய்கிற ரமணாசிரமம் பக்கம் போகிற குறுக்கு வழி, மலையை இடப்பக்கம் வைத்துப் போகிற வழி. எங்கள் ஊரில் பால்காரரிலிருந்து பள்ளிக்கூடத்து டீச்சர் வரை எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அத்தைக்கும் வேண்டி முடித்த பிறகுதான், இந்த வீட்டிலிருந்து தினமும் வெளியே போகிற ஒரே ஆள் மருமகள் என்பது நினைவுக்கு வந்தது. வேண்டுதல் அவருடையது, மிதிக்கிற கால் என்னுடையது.

“மூணு கிலோமீட்டர்தானம்மா ஜாஸ்தி” என்றார்.

மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் டவுன் வழியாக. குபேர லிங்கம் கோயிலைத் தாண்டியதும் நாய்கள் துரத்த ஆரம்பிக்கும். டவுனுக்குள் பஸ்காரர்கள் சைக்கிளைக் கண்டால் காதுக்குப் பக்கத்தில் வந்து ஹாரன் அடிப்பார்கள். ஆட்டோக்காரர் கை காட்டாமல் திரும்புவார். நான் பிளஸ் ஒன் படித்தபோது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் அது. ஒவ்வொரு வேகத்தடையிலும் செயின் கழன்றது. துப்பட்டாவை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, கையெல்லாம் கிரீஸோடு நடுரோட்டில் குந்தி மாட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனிலிருந்து ஒரு கூட்டம் ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி சகிதம் விலை உயர்ந்த சைக்கிள்களில் மலையைச் சுற்றும். தொப்பையைக் குறைக்க வந்தவர்கள். என்னைத் தாண்டும்போது “சூப்பர் மேடம், கீப் இட் அப்” என்று கட்டை விரலைக் காட்டுவார்கள். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

காலையில் டவுன் வழியாக எட்டரை, மாலையில் ஆசிரமத்துப் பக்கமிருந்து வீட்டுக்கு ஐந்தரை. மாலையில் மலை தானாகவே வலப்பக்கம் வந்துவிடும். ஆக நாளுக்கு ஒரு முழு கிரிவலம். “எம் மருமவ தினம் ஒரு சுத்து சுத்தறா” என்று அத்தை தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வேணு மட்டும் சிரிப்பார். ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடியே, “எலும்பு கூடறதுக்கு டாக்டர் மாத்திரை குடுத்தாரு, எங்கம்மா உனக்கு ரூட்டு குடுத்துட்டாங்க” என்பார். அந்தச் சிரிப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது. வீட்டில் ஒருவராவது என் பக்கம் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வேலை செய்வது ஒரு கெஸ்ட் ஹவுஸில். காலை டிபனையும் அறைகளையும் நான்தான் பார்க்க வேண்டும். ஆறரைக்கு அங்கே இருந்தாக வேண்டும். வேணுவுக்கு வேண்டியதைச் செய்துவிட்டுக் கிளம்பவே ஆறு மணியாகிவிடும். முதலாளியம்மா பூஜாவுக்கு என் வயதுதான் இருக்கும், சென்னைக்காரர். கோபப்பட மாட்டார், கடிகாரத்தைப் பார்ப்பார். அதற்குக் கோபமே பரவாயில்லை. ஆறு ஐம்பதுக்கும் ஏழுக்கும் போய் நின்ற நாட்களில் செயின் கழன்றது, டயர் பஞ்சர், பிரேக் கம்பி அறுந்தது என்று சைக்கிள் மேலேயே பழியைப் போட்டேன். அத்தனையும் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் பி.காம். படித்தவள் மாமியார் ஏற்றிய கற்பூரத்துக்காக ஊரைச் சுற்றி வருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கம், அவ்வளவுதான்.

பதினோராவது நாள் பௌர்ணமி. அந்தக் கூட்டத்தில் சைக்கிள் ஓட்ட முடியாது என்று லீவு போட்டேன். மறுநாள், “அடுத்த பௌர்ணமிக்கு எல்லா ரூமும் புக் ஆயிடுச்சு தேவி” என்றார் பூஜா. “அன்னிக்கு ஆறரைக்கு நீங்க இங்க இல்லன்னா, நான் வேற ஆளப் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

வேணுவின் வேன் இல்லாத வீட்டில் அந்தச் சம்பளம்தான் அடுப்பு. ஆகவே அந்த அடுத்த பௌர்ணமி, வேண்டுதலின் நாற்பத்தொன்றாவது நாள், விடியற்காலை நாலே முக்காலுக்கே கிளம்பினேன். அத்தை அதற்குள் வாசலில் மேஜை போட்டு, சுற்றி வருகிறவர்களுக்கு டீ விற்க ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டார். “மெதுவா போம்மா, இன்னும் ஏழே நாளு” என்றார்.

இடது பக்கம் திரும்பினேன். ரோடு முழுக்க ஜனம், எல்லாம் வெறுங்கால். எந்தக் காலின் மேல் சக்கரத்தை ஏற்றிவிடுவேனோ என்று பயந்து பாதி தூரம் தள்ளிக்கொண்டே நடந்தேன். குபேர லிங்கத்துக்கு முன்னால் குறுக்கே தடுப்பு. ஒரு பெண் போலீஸ் கையை நீட்டினார்.

“சைக்கிளும் வுடக் கூடாதுனு ஆர்டர். ஓரமா நிறுத்திட்டு நடந்து போங்க.”

“வேலைக்குப் போவணும் மேடம். உள்ளூருதான்.”

“எனக்கும் வேலைதாம்மா.”

மணி ஐந்து இருபது. அங்கிருந்து நடந்தால், அந்தக் கூட்டத்தில், எட்டு மணிக்குக் கூடப் போய்ச் சேர முடியாது. போனைக் கையில் எடுத்தேன். பூஜாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். எண்ணை எடுத்து, பார்த்து, திரும்பப் பைக்குள் போட்டேன். அந்தப் பாழாய்ப்போன வெட்கம். சைக்கிளைத் திருப்பினேன்.

திருப்பிய மறு நிமிடமே தெரிந்துவிட்டது, வருகிறவர்கள் அத்தனை பேரும் இப்போது என் எதிரில் வருகிறார்கள். ஓரமாக, பெல்லை விடாமல் அடித்துக்கொண்டு மிதித்தேன். எங்கள் வீடு நெருங்கியதும் துப்பட்டாவைத் தலையில் இழுத்து மூடி, எதிர் ஓரத்தில் கூட்டத்தின் மறைவில் தள்ளிக்கொண்டு போனேன். அத்தை குனிந்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். சொந்த வீட்டைத் திருடி மாதிரிக் கடந்தேன்.

அதற்கப்புறம் ஐந்தரை கிலோமீட்டரும் எதிர்முகங்கள்தான். விபூதி பூசிய முகங்கள், தூக்கக் கலக்கமான முகங்கள், தோளில் குழந்தையோடு வருகிறவர்கள். “எதிர்ல வரியேம்மா” என்றார் ஒரு பெரியவர். ஒரு பெண் என் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தி, “வேண்டாம் கண்ணு, திரும்பிடு, தோஷம்” என்றாள். ஏதோ என் சொந்தக்காரி மாதிரி அக்கறையாகச் சொன்னாள். “வேலைக்குப் போறேன்க்கா” என்று கையை விடுவித்துக்கொண்டேன். மலை என் இடப்பக்கம் கூடவே வந்துகொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நம்பிக்கை இல்லாதவள் பார்த்திருக்கலாம்தானே. பார்க்கவில்லை.

ஆறு இருபத்தைந்துக்கு கெஸ்ட் ஹவுஸ் கேட்டைத் திறந்தேன். பூஜா சிரித்தார். “பாத்தீங்களா, நினைச்சா முடியுது.”

அன்று நூற்றுப் பத்து இட்லி வேகவைத்தேன். இரண்டு முறை உப்புப் போட்டேனா இல்லையா என்று மறந்தேன். வேலை தப்பித்துவிட்டது என்ற சந்தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை.

மாலை வீட்டுக்கு வந்தபோது அத்தை டீ விற்ற அலுப்பில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வேணு கட்டிலில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கொடுத்தேன். தொடவில்லை.

“காலைல இந்தப் பக்கமா போன” என்றார்.

சொம்பில் தண்ணீர் எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“தலைல துணி போட்டுட்டுப் போன. சைக்கிள் நம்மளுது, எனக்குத் தெரியாதா?”

“டவுன் பக்கம் வுடல. வேலை போயிடும். இன்னா பண்ணச் சொல்றீங்க?”

“அம்மாகிட்டச் சொல்லிடாத.” தட்டை ஓரமாக நகர்த்தினார். “நாளைக்கு எக்ஸ்ரே.”

“தெரியும்.”

“எலும்பு கூட ஆரம்பிக்கலன்னா மறுபடியும் ஆபரேஷன்னு சொல்லிக்கீறாரு. அப்புறம் வண்டி ஓட்டறதெல்லாம்...” நிறுத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல், “இன்னும் ஏழு நாளுதானே இருந்துச்சி. முடியலயா உன்னால?” என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. நாற்பது நாள் மிதித்த தொடை இரண்டும் ஒரே நேரத்தில் வலித்தது. நாய், பஸ், கிரீஸ், பொய், எல்லாவற்றையும் அவர் மேல் கொட்டினேன். “உங்கம்மாவ தினம் கிண்டல் பண்ணீங்களே. ரூட்டு குடுத்தாங்க ரூட்டு குடுத்தாங்கனு சிரிச்சீங்களே. உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கையே இல்லையே.”

“இல்லதான்” என்றார்.

“அப்புறம்?”

அவர் உதடு கோணியது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

“காலைல நீ கெளம்புனதுல இருந்து மனசுல கூடவே வருவேன். இப்ப குபேர லிங்கம், இப்ப ஈசானியம், இப்ப டவுன், இப்ப பெரிய கோபுரம் தாண்டிட்டானு. படுத்துனு வேற இன்னா செய்யறது? சாயங்காலம் நீ வந்தா ஒரு சுத்து முடிஞ்சுது. எனக்குக் கால் கூடுதோ இல்லயோ, எனக்காக ஒருத்தி சுத்தறானு இருந்துச்சி. இன்னிக்கு எங்கனு நெனைக்கறதுனு தெரியல.”

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கோபம் அப்படியே இருந்தது. அதன் அடியில் வேறு ஒன்றும் இருந்தது. நாற்பது நாளாக நான் மலையைச் சுற்றுகிறேன் என்று புலம்பிக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் கட்டிலில் கிடந்தபடி என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

“நடுவுல தப்பிப் போச்சுன்னா இன்னா செய்யணும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும்னுவாங்க. அதெல்லாம் வேணாம். நான் ஏதோ பேசிட்டேன். வுடு.”

போனை எடுத்தேன். இந்த முறை எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. மூன்றாவது மணியிலேயே பூஜா எடுத்தார்.

“மேடம், தேவி பேசறேன். நாளைக்கு லீவு வேணும், வீட்டுக்காரருக்கு எக்ஸ்ரே. அதுக்கு மறுநாள்ல இருந்து நாப்பத்தெட்டு நாளைக்கு ஆறரைக்கு வர முடியாது. ஏழு மணிக்குத்தான் வருவேன்.”

“மறுபடியும் சைக்கிள் பிராப்ளமா?”

“சைக்கிள் நல்லா இருக்கு மேடம்” என்றேன். வேணு கட்டிலில் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். அவர் தோளை அழுத்திப் படுக்க வைத்துவிட்டு, எதிர்முனைக்குத் தெளிவாகச் சொன்னேன். “எங்க வீட்டுக்காரர் கால் கூடணும்னு மலையைச் சுத்தறேன். சுத்திட்டுத்தான் வருவேன். வேற ஆளப் பாக்கறதுன்னா பாத்துக்கோங்க.”